இடப்பக்கம் ஒரு பெற்றோமாக்ஸ்

நான் போனில் செய்து காட்டிய நான்காவது படத்தையும் அம்மா வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

படத்தில் குறை ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு இருபது வயது, அப்பாவுக்கு இருபத்தைந்து. மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் இருவர் மேலும் பொன்னிற வெயில் வழிந்தது. இது யாரு கல்யாணம் என்று கேட்டுவிட்டு அம்மா வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. ராகலையில் மர்சூக் நானாவின் கடையில் மூன்று வருடமாக பேனர் செய்கிறவள் நான். பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் போகிறது. பெற்றவர்களுக்கு ஒரு கல்யாணப் படம் செய்ய முடியவில்லை என்றால் வெளியில் சொல்ல முடியுமா?

அவர்களிடம் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை. படம் பிடித்தவர் அப்பாவின் கூட்டாளி சுதாகரன் மாமா. ரோல் முடிந்துவிட்டதா என்று பார்க்க, பிலிமைச் சுற்றி எடுக்காமலே கேமராவின் முதுகைத் திறந்துவிட்டார். முப்பத்தாறு படமும் வெளிச்சம் பட்டு அந்த நிமிடமே போய்விட்டன.

எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லார் வீட்டுச் சுவரிலும் கல்யாண ஜோடி நிற்கும். எங்கள் வீட்டில் சாமிப் படமும் காலண்டரும்தான். பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி பெரியம்மா வீட்டுக்குப் போனால், அம்மா பேச்சை விட்டுவிட்டு அவர்களுடைய படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வாரம் இருபத்தைந்தாவது வருடம். அதற்குள் நம் சுவரிலும் ஒன்றை மாட்டிவிட வேண்டும் என்று எனக்கு வைராக்கியம்.

தப்பு என்னுடையதுதான். முகத்தை மட்டும் சொன்னால், படம் வரைகிற இந்த ஏஐ எல்லார் தலையிலும் சாயங்கால வெயிலைக் கொட்டிவிடும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு, என்ன நிறம், நிழல் எங்கே விழுகிறது என்று எழுத வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறவள், வீட்டில் கேட்க மறந்துவிட்டேன்.

அப்பாவிடம் கேட்டேன். குழம்பில் உப்பு இல்லை என்றாலும் தெரியாமல் சாப்பிட்டு எழும்புகிற மனிதர். யோசிக்கவே இல்லை.

அன்றைக்கு அடை மழையாம். பகல் பதினொரு மணிக்கே கோயிலுக்குள் இருட்டிவிட்டதாம். இடப்பக்கம், ஆள் தலைக்கு மேலே, கூரை வளையில் ஒரே ஒரு பெற்றோமாக்ஸ். வலப்பக்கம் திறந்த கதவு, அதற்கு வெளியே வெறும் பனிமூட்டம். அம்மாவின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மற்றது சாம்பல் நிறமாகவும் இருந்ததாம். குனிந்திருந்ததால் இமையின் நிழல் கன்னத்தில் பாதிவரைக்கும் விழுந்ததாம்.

அடேயப்பா. இருபத்தைந்து வருடமாக இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார் மனிதர்?

ஒரு சொல் விடாமல் எழுதினேன். படம் வந்தது. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆமாம், நான்தான் என்றாள்.

இனி அப்பாவின் முகம். அவர் மேல் வெளிச்சம் எப்படி விழுந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கு எங்க தெரியும்? நான் தலய நிமுத்தவே இல்லயே."

பொண்ணு நிமிர்ந்து பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று விடியற்காலையிலிருந்தே பயமுறுத்தி வைத்திருந்தார்களாம். தாலி ஏறும்வரை அவள் பார்த்தது தரையை மட்டும்தான்.

சரி, தரையைச் சொல்லு என்றேன்.

சொன்னாள். எல்லாரும் நனைந்த காலோடு வந்ததால் சிமெண்டுத் தரை முழுக்க ஈரம். அந்த ஈரத்தில் பெற்றோமாக்ஸ் வெளிச்சம் நீளமாகக் கிடந்தது. சம்மணம் போட்டிருந்த அப்பாவின் கால் அந்த வெளிச்சத்தில் இருந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. வேன் சேற்றில் புதைந்துவிட, மாப்பிள்ளை வீட்டார் கந்தப்பளைப் பக்கமிருந்து தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் நடந்து வந்திருந்தார்கள். பட்டு வேட்டியில் ரத்தம் பட்டுவிட்டால் சகுனம் சரியில்லை என்று யாராவது கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று அம்மாவுக்கு உயிரே இல்லையாம்.

இந்த இடத்தில் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அத்தை கதையை எடுத்துவிட்டார். எங்களுக்கெல்லாம் மனப்பாடமான கதை. முதல் முடிச்சுப் போடும்போது அவருக்குக் கால் சுரீர் என்றதாம். பிறகு பார்த்தால் கடிவாயில் சுண்ணாம்பு, ரத்தம் நின்றிருந்தது. மற்ற முடிச்சுகளைப் போடப் பின்னால் நின்ற தன் அக்காவைத் தவிர வேறு யார் வைத்திருப்பார்? அத்தையும் இன்றுவரை இல்லை என்று சொன்னதில்லை. அதற்காகத்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் சேலை அத்தைக்கு. கையில் மிச்சம் இருந்தால்தான் அம்மாவுக்கு.

அம்மா சொன்ன தரையை நான் எழுதிக் கொடுத்திருந்தேன்; அவர் பேசி முடிப்பதற்குள் படம் வந்துவிட்டது. ஈரத் தரை, நீள வெளிச்சம், ரத்தம் வடியும் கால். அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். இதில் ஒரு கை குறைகிறது என்றாள்.

அத்தை கையா என்று கேட்டேன்.

"அவங்க ரெண்டு கையும் தாலியிலதான் இருந்திச்சு. மருதாணி போட்ட கையா எழுது."

விரல் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பும் வேண்டும் என்றாள். தலையை நிமிர்த்தாமலே பக்கத்து வெற்றிலைத் தட்டிலிருந்து எடுத்ததாம்.

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

"அக்கா மேல அவ்வளவு பாசமா இருந்தீங்க. இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா எழும்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போனில் தெரிந்த காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் முகம் வேண்டாம் என்றார்.

"அந்தக் கையில நல்லா வெளிச்சம் விழுற மாதிரி எழுதும்மா."