தேதிக்கான இடம்

வணிக நாளிதழ்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய தொழிலதிபர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்கான இரங்கல் பக்கத்தை எழுதி வைத்துவிடுவார்கள். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். நாளிதழே நடத்தும் விருது விழா மலருக்கும் அதே படம், அதே வாழ்க்கைக் குறிப்புதான். உதவி ஆசிரியர் ஜெசிந்தா அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

அரங்கின் நாற்காலிகளில் மலரை வைத்த பிறகுதான் அது அவள் கண்ணில் பட்டது. அள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வருவதற்குள், விருது வாங்க வந்திருந்த பம்புசெட் அதிபர் மாரப்பன் மலரைப் பிரித்துவிட்டார். கறுப்புக் கட்டத்துக்குள் அவருடைய படம் சிரித்தது. வேலை போய்விடும் என்று ஜெசிந்தா மலருக்காகக் கையை நீட்டினாள்.

"ஐயா, அதைக் கொடுத்துடுங்க. வேற தர்றேன்."

"இருங்க அம்மிணி. நல்லாத்தான எழுதியிருக்கீங்க." வரிவரியாக நகர்ந்த விரல் அந்த வெற்றிடத்தில் நின்றது. "இதை மட்டும் விட்டுட்டீங்களே."

மேடையில் அவர் பெயரை அழைத்தார்கள். கைதட்டல் எழுந்தது. அவர் எழவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நிதானமாக மூடியைக் கழற்றினார்.

"இன்னைக்கு என்ன தேதிங்க அம்மிணி?"