அக்கரையில் நின்றுபோன கணக்கு

"அக்கரைக்காரி இன்னும் அனுப்பலையா?"

மேயர் கிருமோவ் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து நின்றார்.

"இல்லை சார்." ராலித்ஸா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலையிலிருந்து அதையேதான் முறைத்துக்கொண்டிருந்தாள். முறைத்தால் மாறிவிடுமா?

டான்யூப் ஆற்றுக்கு இக்கரையில் பல்கேரியா, அக்கரையில் ருமேனியா. வெள்ளம் வந்தால் இரண்டு ஊரையும் காப்பாற்ற ஒரே மீட்புப் படை, அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். ஆனால் அந்தப் பணம் லேசில் வராது. முதலில் கடனோ உடனோ வாங்கிச் செலவு செய்ய வேண்டும். பிறகு இரண்டு ஊர்க் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்து மேலே போனால்தான் திரும்பக் கிடைக்கும். இக்கரை நகராட்சியின் கணக்காளரான ராலித்ஸா தன் ஊர்க் கணக்கை எப்போதோ முடித்துக் கொடுத்துவிட்டாள். சேர்த்து அனுப்ப வேண்டியவள் அக்கரை நகராட்சியின் கணக்காளர் வியோரிக்கா. அவள்தான் அசைகிற வழியாகத் தெரியவில்லை.

"பேங்க்காரன் இனிமே ஒரு காசு தரமாட்டேன்னுட்டான்மா. இந்த வாரம் இது போகலேன்னா மீட்புப் படகுப் பசங்களுக்குச் சம்பளம் கிடையாது. நீயே அவங்ககிட்ட சொல்லிடு."

மேயர் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ராலித்ஸா போனை எடுத்தாள்.

"வியோரிக்கா, அனுப்புறியா இல்லையா?"

"ராலித்ஸா, நானே உன்கிட்ட ஒரு விஷயம்..."

"நேத்தும் இதையேதான் ஆரம்பிச்சே. எனக்கு விஷயமெல்லாம் வேணாம், கணக்கு போகணும்!"

"கொஞ்சம் பொறுமையா..."

பட்டென்று வைத்துவிட்டாள். பொறுமையாமே! மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவளுக்குப் பொறுமைக்கு என்ன குறைச்சல்?

படகோட்டி பெட்கோ வாசலில் தலையை மட்டும் நீட்டினான்.

"அக்கா, சம்பளம் விஷயமா..."

"என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையாடா?"

"தெரியுதுக்கா. அதான் உள்ளே வரலை." தயங்கி நின்றான். "குளிர்காலத்துக்கு விறகு இப்ப வாங்கினாத்தான் மலிவு. பொண்டாட்டி பிடுங்கி எடுக்கிறா. அதான் கேட்டேன்."

அவன் போன பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில் நிதி கொடுக்கும் மேலிடத்துக்கு ஒரு புகாரைத் தட்டிவிட்டாள். 'ருமேனியக் கணக்காளரின் அலட்சியத்தால் எங்கள் ஊழியர்கள் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது.' இரண்டு ஊர் மேயர்களுக்கும் நகல் வேறு.

அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. மறுநாள் காலை அக்கரைக்குப் போகும் ஃபெர்ரியில் ஏறிவிட்டாள்.

லாரிகள் நிறைகிறவரை ஃபெர்ரி நகராது. ராலித்ஸா தளத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் காரமாகிக்கொண்டே போனது.

வியோரிக்கா தன் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். எல்லை ஊர்க்காரி, பல்கேரிய மொழி சரளமாக வரும்.

"வா, வா. உனக்கும் ஒரு காபி போடட்டுமா?"

"காபி ஒண்ணுதான் குறைச்சல்! உன் கணக்கை முடிக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?"

"என் கணக்கா? அது முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"அப்புறம் ஏன் அனுப்பலை?"

வியோரிக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"மே மாசம், செயின்ட் ஜார்ஜ் திருநாள் அன்னிக்கு என்ன பண்ணினே?"

"இதென்ன கேள்வி? ஊருக்கே லீவு. ஆத்தங்கரையில முழு ஆட்டை வாட்டி விருந்து வெச்சோம். நீயும்தானே வந்து ஒரு பிடி பிடிச்சே!"

"பிடிச்சேன். உங்க படகுப் பசங்க அத்தனை பேரும் எனக்குப் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டாங்க. ஆனா உன் கணக்குல அன்னிக்குப் பூரா அவங்க ஆத்துல பயிற்சி எடுத்திருக்காங்களே?"

ராலித்ஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம் முழுக்கப் பயிற்சி. முதல் நாள் வரியையே மற்ற நாட்களுக்கும் ஒட்டியிருந்தாள். நடுவில் திருநாள் வந்தது அடியோடு மறந்துபோயிருந்தது.

"நீயே... திருத்தியிருக்கலாமே?"

"உன் கணக்கை நீ மட்டும்தான் தொட முடியும். நான் அனுப்பிட்டா அப்புறம் நீயும் தொட முடியாது. விருந்துப் படத்தையெல்லாம் மீட்புப் படையோட ஃபேஸ்புக் பக்கத்துல நீயே போட்டு வெச்சிருக்கே. தணிக்கைக்காரன் கண்ணுல படாமலா போகும்? பொய்க் கணக்குன்னு மொத்தப் பணத்தையும் நிறுத்துவான். கையெழுத்துப் போட்ட உனக்கு வேலையும் போகும்."

"ஒரு வரி எழுதியாவது..."

"எழுதினா ஃபைல்ல ஏறிடும், மேலிடத்துல எல்லாரும் படிப்பாங்க. போன்ல சொல்லலாம்னா நீ எங்கே பேச விட்டே?"

ராலித்ஸா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவமானத்தில் காது மடலெல்லாம் சுட்டது.

"வியோரிக்கா, நேத்து நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். உன்மேல..."

"தெரியும். இன்னிக்குக் காலையிலேயே என்கிட்ட விளக்கம் கேட்டுட்டாங்க."

"ஐயோ! என்ன பதில் சொன்னே?"

வியோரிக்கா கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீ முதல்ல அந்த ஒரு நாளை உன் கணக்குலேருந்து எடு. நான் 'ஆமா, என் அலட்சியம்தான்'னு எழுதி மன்னிப்புக் கேட்டுட்டேன்."