ஸ்டாப்பிங் இல்லாத இடம்

காலையில் அருங்காட்சியகத்தில், பேருந்துப் பிரியர்கள் பதினான்கு பேர் ஒரு பழைய பேருந்தின் ஸ்டியரிங்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தார்கள். மாலையில் டெப்போவின் பின்புறம் அந்தப் பேருந்தையே பார்த்தார்கள். சக்கரங்களைக் கழற்றிக் கருங்கற்கள்மேல் நிறுத்தி, பக்கவாட்டில் சாக்பீஸால் 'கண்டம்' என்று எழுதியிருந்தது; இனி ஓட லாயக்கில்லை என்பதற்கு டெப்போக்காரர்களின் சொல். ஸ்டியரிங் மட்டும் வரலாறு, மீதியெல்லாம் காயலான் கடைக்கு. பதினான்கு பேரும் ஏறி, ஆளுக்கொரு ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தார்கள்.

வெளியே கேஸ் கட்டருடன் இரண்டு பேர் காத்திருந்தார்கள். காவலாளி முன்படியில் ஏறி நின்றார்.

"எல்லாரும் எறங்குங்க. வண்டிய அறுக்கணும்."

அவர்களில் ஒருத்தி, கண்டக்டர் சீட்டில் இருந்த மருந்துக்கடைக்காரி அமலோற்பவம், அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க ஸ்டாப்பிங் இல்ல சார்."

"ஸ்டியரிங்கே இல்லாத வண்டிம்மா இது. எங்க போகப் போவுது?"

"அது டிரைவர் கவலை."

கைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள். மற்ற பதின்மூன்று பேரும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தார்கள். வெளியே பேருந்துக்கு நேர் எதிரே நின்றிருந்த கட்டர்காரர் சட்டென்று ஓரமாக ஒதுங்கினார்.

"படியில நிக்காதீங்க" என்றாள் காவலாளியிடம். "ஒண்ணு உள்ள வாங்க, இல்ல எறங்குங்க."