தூணோடு கிளம்பிய விமானம்

மறுநாள் பறப்பதாக இருந்த சபாபதி, வீட்டிலேயே செய்த விமானத்தை மச்சான் திருமலையின் பம்புசெட் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு முடுக்கிப் பார்த்தார். அதில் பூட்டியிருந்தது பழைய ஜப்பான் காரின் ரோட்டரி என்ஜின். கயிறு அறுந்துவிடுமோ என்றுதான் பயந்தார். கயிறு அறுந்துபோகவில்லை, தூண் வந்தது, கூடவே கொட்டகையும்.

கடப்பாரையோடு பாய்ந்த திருமலை, இறக்கையில் உரசாமல் குனிந்து வந்து அவர் முழங்காலில் போட்டான். எலும்பு முறிந்தது. மறு காலையும் விடவில்லை.

"அடப்பாவி! கொட்டகைய இடிச்சது விமானம்டா! அதும்மேல ஒரு கீறல் இல்ல, என்னை எதுக்குடா ஒடைக்கிற?"

திருமலை கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தான்.

"கொட்டகை கெடக்குது வுடு மாமா. காலையிலயே அக்கா சொல்லிடுச்சி. 'விமானத்த ஒடைச்சா வேற ஒண்ணு கட்டுவாரு. கால ஒடைச்சிடுடா, உசுரோட வூட்ல கெடக்கட்டும்'னு."