வளர்ந்த முகம்

கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர் ஆரூரன், சுகந்தினியின் போன வருடத்து மண்டையோட்டு ஸ்கேனையும் இன்றையதையும் கணினித் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தார்.

“ஒரு வித்தியாசமும் இல்லை. முகம் வளந்து முடிஞ்சுது. இனி ஒப்பரேஷன் செய்து கோணல் தாடையை நேராக்கலாம்.”

சிவசாமி மகளைப் பெருமையோடு பார்த்தார். “போன தடவ ஒப்பரேஷனே வேணாம்னு அழுதவ, இந்த வாட்டி அவளே கெளம்பி வந்துட்டா சார். மாப்பிள்ள வீட்டுக்கும் சந்தோஷம்.”

“அப்ப நான் இனிமே சின்னப் புள்ள இல்லையா டொக்டர்?” என்றாள் சுகந்தினி.

“இல்லை, வளந்த ஆள்” என்று அவர் சிரித்தார்.

“அன்னைக்கு நான் அழுதப்ப, சின்னப் புள்ளைக்கு என்னா தெரியும், அப்பா முடிவு பண்ணட்டும்னு சொன்னீங்க. வளந்துட்டேன்னு உங்க வாயால கேக்கத்தான் வந்தேன். இந்தத் தாடை இப்படியே இருக்கட்டும். வாங்கப்பா, அட்டன் பஸ்ஸு போயிரும்.”