உக்காந்து காட்டுங்க

செல்வின் அண்ணனைப் பந்து போட்டுக் காட்டச் சொல்லவில்லை எங்கள் கூடைப்பந்து கோச் மகுடபதி. ஓரத்தில் கிடந்த பெஞ்சைக் காட்டினார்.

“நீங்க ஆடுறதை ஊரே பாத்திருக்கு. இந்த வயசுல நீங்க எனக்கு பெஞ்சுலதான் வேணும். மேட்ச் முடியற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்து காட்டுங்க, டீம்ல சேர்த்து கையெழுத்து வாங்கிக்கறேன்.”

“இவ்ளோதானா சார்?” வேறு எந்த அணியும் கூப்பிடாத அண்ணன் சிரித்தபடி உட்கார்ந்தார்.

நாங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினோம். கோச் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, அண்ணனின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வளையத்துக்கு நேர் கீழே நின்றும் நான் கோட்டைவிட்டபோது, அண்ணன் கத்த வாயெடுத்து, துண்டைக் கடித்துக்கொண்டார்.

“புதுப்பொண்ணு மாதிரி உக்காந்திருக்காருடா” என்று யாரோ சிரித்தார்கள்.

அடுத்த பந்துக்குத் தாவிய நான் கணுக்கால் மடங்கி, பெஞ்சுக்கு எதிரே விழுந்தேன். “அண்ணா, கை குடுங்க!”

அவர் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை. நான் தரையில் தேய்த்துக்கொண்டே அவர் பக்கம் நகரப் பார்த்தேன்.

“நீ நகராதடா” என்றார் கோச்.

பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த அண்ணனின் இன்னொரு கை, விரல் விரலாக விடத் தொடங்கியது.