ஹில்லா பறிக்கும் இடம்

"அண்ணி, வேற எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன். அங்க மட்டும் கேக்காதீங்க."

தூயா வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. இர்மெலிக்குச் சுருக்கென்றது.

கணவர் ஔலிஸ் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்ததிலிருந்து இர்மெலி எங்கேயும் போகவில்லை. அவருடைய தங்கை தூயாதான் விடாப்பிடியாக நின்று, ஜூலைக் கடைசியில் பத்து நாள் காரில் சுற்றிவரலாம் என்று கிளப்பியிருந்தாள். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கும் இடம் ஒன்றுகூடக் கிடையாது. படகில் துடுப்புப் போட்டுப் போகவேண்டிய தீவு, மரத்தால் கட்டிய குட்டி தேவாலயம், புகை போட்ட மீன் கிடைக்கும் கிராமம் என்று ஃபின்லாந்துக்காரர்களே பாதிப் பேர் கேள்விப்படாத ஊர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள்.

இர்மெலி கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஔலிஸ் வருஷா வருஷம் ஹில்லாப் பழம் பறித்துவந்த சதுப்பு நிலம்.

"நாப்பது வருஷம் அந்த மனுஷன் நின்ன இடம்டீ. நானும் ஒரு தடவை நிக்கணும். வேற என்ன கேட்டேன்?"

"அண்ணன் உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"அதை எப்படிடீ கேக்கறது!"

உண்மைதான். அவர்கள் ஊரான கயானி பக்கத்தில் புருஷனின் சம்பளத்தைக் கேட்கலாம், பழைய காதலியைப் பற்றிக்கூடக் கேட்கலாம். ஹில்லா பறிக்கும் இடத்தை மட்டும் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அப்பா பிள்ளைகளுக்குக் காட்டுவார், அதுவும் கை கால் ஓய்ந்த பிறகு. ஔலிஸ் காலையில் இரண்டு வாளியோடு கிளம்புவார். சாயங்காலம் பொன்னிறப் பழமும் முதுகெல்லாம் கொசுக்கடியுமாக வந்து நிற்பார். இர்மெலி கடிக்கு மருந்து தடவிவிடுவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

"உங்கப்பா உனக்கும் காட்டியிருக்காரு. உனக்கு வழி தெரியும்."

"தெரியும். ஆனா கூட்டிட்டுப் போக மாட்டேன்." தூயா ஏலக்காய் பன்னைக் காபியில் முக்கினாள். "சாரிவாராவுல மூணு நாள் தங்கறோம். அங்க மட்டும் நான் பேசிக்கறேன். மத்த இடத்துக்கெல்லாம் நீங்க போன் பண்ணி ரூம் சொல்லிடுங்க."

"சாரிவாராவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஒரு ஏரி, பதினோரு வீடு."

"அதுக்கு மூணு நாளா?"

"ஆமா."

அவள் போனதும் இர்மெலிக்கு ஆற்றாமையில் கண்ணீர் முட்டியது. இத்தனை காலம் அண்ணி அண்ணி என்று ஒட்டிக்கொண்டிருந்தவள், நாலு பழத்துக்காக இப்படிக் கல்நெஞ்சாகிவிட்டாளே! நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் எல்லாவற்றையும் பறித்துவிடுவேன் என்றா பயம்? இந்த முழங்காலை வைத்துக்கொண்டா? அப்படியானால் அந்தக் குடும்பத்தில் நான் இன்னும் வெளியாள்தானா?

கோபத்தில் சாரிவாரா நம்பரையே முதலில் போட்டாள். தூயா பேசுவதற்குள் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் அறை சொல்லிவிட வேண்டியதுதான்.

விடுதிக்காரி பிர்க்கோ, பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவள் போலிருக்கிறது.

"கயானியிலிருந்தா? எங்க ஔலிஸ் ஊராச்சே! அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தங்கமான மனுஷன். வருஷம் தவறாம எங்ககிட்ட ரெண்டு வாளி ஹில்லா வாங்குவாரு."

"வாங்குவாரா?"

"ஐயோ, வெளிய சொல்லிடாதீங்க. அவங்கப்பா காட்டின சதுப்பை, காய்ஞ்சா விறகு மாதிரி எரியற சதுப்பு மண்ணை எடுக்கறோம்னு கம்பெனிக்காரங்க தோண்டி இருபது வருஷமாச்சு. ஒரு செடி மிச்சமில்ல. அன்னிக்கு இங்க வந்து வெறும் வாளியோட உக்காந்து அழுதாரு, பாவம். 'இந்தப் பழம் வீட்டுக்கு வந்தாத்தான் என் பொண்டாட்டிக்குக் கோடை வந்த மாதிரி இருக்கும்'னாரு. நாங்க பறிச்சு வச்சிருந்ததைக் கொடுத்தோம். அதுலேருந்து இங்கதான்."

இர்மெலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"வாங்கின உடனே கிளம்ப மாட்டாருங்க. சாயங்காலம் வரைக்கும் எங்க படகுத்துறையில சட்டையக் கழட்டிட்டு உக்காந்திருப்பாரு. கொசு கடிக்கணுமாம்! கடிக்கலேன்னா பொண்டாட்டி நம்ப மாட்டாளாம்!" பிர்க்கோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரு தடவை தங்கச்சியும் கூட வந்துச்சு. 'போதும் அண்ணா, முதுகு நல்லா தடிச்சிடுச்சு, எந்திரி'ன்னுச்சு. சரி, இந்த வருஷம் எப்ப வர்றாராம்?"

"அவரு வர மாட்டாரு" என்றாள் இர்மெலி. "அவரு வீட்டுக்காரி வருவா."

இர்மெலி போனை வைத்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். இருபது வருஷம்! ஒரு தடவைகூட அந்த முதுகைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லையே. தூயா அவளை அங்கேதான் கூட்டிப்போக இருந்திருக்கிறாள், அண்ணனை மட்டும் காட்டிக்கொடுக்காமல்.

முகத்தைக் கழுவிக்கொண்டு தூயாவைக் கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, ரூம் எல்லாம் சொல்லியாச்சா?"

"சொல்லிடறேன். சாரிவாராவுக்கு மூணு நாள் பத்தாது. அஞ்சு நாளாச் சொல்லு."

"அஞ்சு நாளா? அந்த... அந்தப் பழத்தோட இடம் பத்தி இன்னும் கோவமா அண்ணி?"

"அதை இனிமே கேக்க மாட்டேன். அது உங்க வீட்டு ரகசியம், உன்கிட்டயே இருக்கட்டும்."

தூயா நிம்மதியாக மூச்சு விட்டது போனில் கேட்டது.

"அப்புறம் தூயா..."

"சொல்லுங்க அண்ணி."

"எனக்குக் கொசு விரட்டற மருந்து எடுத்து வைக்காதே."